கணினி மேஜை: அப்டேட் ஆனது, சிஸ்டம் ஆன் ஆகவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். ராத்திரி நன்றாக ஓடிய கணினி, விண்டோஸ் அப்டேட் ஏறியபின் காலையில் திறக்க மாட்டேன் என்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சிவகாசியில் சர்வீஸ் கடை வைத்து எனக்கு 19 வருடம் ஆகிறது. மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும் கடை திறக்கும் முன்பே வாசலில் இரண்டு மூன்று பேர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். காரணம் இதுதான்: மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு அது வெளியாகும்போது நமக்கு இரவு பத்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. நாம் தூங்கும்போது இறங்கிவிடும், விடிந்ததும் அச்சகத்தைத் திறந்து பட்டனைத் தட்டுகிற நேரத்தில் வேலையைக் காட்டும். உங்கள் கணினி எந்த நாளில் படுத்தது என்று கடிதத்தில் எழுதுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

அக்கா, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள என் டெஸ்க்டாப்பில் ‘ஒர்க்கிங் ஆன் அப்டேட்ஸ், 30 சதவீதம்’ என்று வந்து ஒன்றரை மணி நேரம் நகரவே இல்லை. கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று ஸ்விட்ச்சை அணைத்துவிட்டேன். இப்போது ஆன் செய்தால் ‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று சுற்றுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே. பார்மட்தான் வழியா?
*– ஜெராக்ஸ் கடை நடத்துபவர், ராஜபாளையம்*

பார்மட் வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஃபைல்கள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

முதலில் அந்த 30 சதவீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த எண் ஒரே சீராக ஏறாது. ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கும், அப்புறம் ஐந்து நிமிடத்தில் 70-ஐத் தாண்டும். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், சிபியுவின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். பவர் விளக்கு அல்ல, அதன் பக்கத்தில் விட்டுவிட்டு மினுக்குமே, அது ஹார்ட் டிஸ்க் விளக்கு. அது மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது. உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கேபினெட் பக்கவாட்டில் காதை வைத்துக் கேளுங்கள். கரகர என்று சத்தம் வந்துகொண்டிருந்தால் கை வைக்கவே கூடாது. அந்த வகை டிஸ்க்கில் இரண்டு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் சத்தம் வராது, விளக்குதான் சாட்சி.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம். இங்கே ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்டபின் ஆர்டர் குவிகிற காலம் அது. ஒரு டிடிபி சென்டரில் இதே 30-இல் நின்ற சிஸ்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகும்போது மாலை ஆறு மணி. உரிமையாளர், ‘காலையில் அச்சுக்குப் பிளேட் போடணும், பார்மட் அடிச்சு விடுங்க’ என்று நின்றார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காதை வைத்தேன். சத்தம் இருந்தது. ‘ராத்திரி வரைக்கும் விடுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் என் பொறுப்பு’ என்றேன். மாற்றங்கள் எல்லாம் பின்வாங்கி, டெஸ்க்டாப் வந்தபோது இரவு 11.40. அதில் அந்த ஆண்டுக்குச் செய்து வைத்திருந்த 140 காலண்டர் டிசைன்கள் இருந்தன, வேறு எங்கும் நகல் இல்லை.

‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று வந்தால் பயப்படாதீர்கள். ஏறப்போன அப்டேட்டை விண்டோஸ் தானே கழற்றி, பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது என்று அர்த்தம். பாதியில் கரண்டை நிறுத்தினால் கழற்றுவதும் பாதி, மாட்டியதும் பாதி என்று ஆகிவிடும். ஒரு முழு இரவு அப்படியே விடுங்கள். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அடுத்த நாள் என்றால் அன்றைக்கு வேண்டாம். கடை யூபிஎஸ் பதினைந்து நிமிடம்தான் தாங்கும்.

விடிந்தும் அதே சுற்றுதான் என்றால் இப்படிச் செய்யுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், ஸ்கேனர் எல்லா வயரையும் பிடுங்குங்கள். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்து, விண்டோஸ் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால், அடுத்த முறை ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வந்து, நீலத் திரையில் தேர்வுகள் கிடைக்கும். ட்ரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே என் கை முதலில் போவது ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ மேல்தான். அதில் இரண்டு வகை இருக்கும். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட், வருடத்துக்கு ஒன்றாக வரும் பெரியது ஃபீச்சர் அப்டேட். உங்களுக்குக் கழற்ற வேண்டியது குவாலிட்டி. ஃபீச்சர் அப்டேட் என்றால் ஏறிய பத்து நாளுக்குள் மட்டுமே பின்வாங்க விடும், அதற்குப் பின் பழைய பதிப்பின் ஃபைல்களை விண்டோஸ் அழித்துவிடுகிறது.

அது முடியவில்லை என்றால் அதே பக்கத்தில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ பாருங்கள், முந்தைய தேதி ஒன்று இருந்தால் அதற்குப் போங்கள். உங்கள் ஃபைல்களை அது தொடாது. ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்றொன்று இருக்கிறது. பூட் ஃபைல் கெட்டிருந்தால் அது சரிசெய்யும், பாதியில் நின்ற அப்டேட்டுக்கு என் அனுபவத்தில் அவ்வளவாக உதவியதில்லை. கடைசியாக, கறுப்புக் கட்டளைத் திரையில் ‘டிஸம்’ என்ற கட்டளையால், நிலுவையில் நிற்கும் மாற்றங்களை ரத்து செய்யலாம். அதைத் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள். அவரிடம் ஒன்று மட்டும் நினைவூட்டுங்கள்: அந்தத் திரையில் உங்கள் சி டிரைவ், டி என்றோ இ என்றோ பெயர் மாறி நிற்கலாம். உள்ளே ‘விண்டோஸ்’ ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும். கட்டளை வேலை செய்யவில்லை என்று கைவிடப்பட்ட பல சிஸ்டங்களில் தவறான டிரைவ் எழுத்தைத்தான் கொடுத்திருந்தார்கள்.

லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. ‘பிட்லாக்கர் ரெகவரி’ என்று போட்டிருக்கிறது. நான் அப்படி எந்தப் பூட்டும் போடவில்லை. வைரஸா? பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் எல்லாம் அதில் இருக்கிறது.
*– ஆசிரியை, தேனி*

வைரஸ் இல்லை டீச்சர். பணம் கேட்கும் திரையாக இல்லாமல், ரெகவரி கீ என்று எட்டுக் கட்டமாக, கட்டத்துக்கு ஆறு எண் கேட்டால் அது விண்டோஸின் சொந்தப் பூட்டுதான்.

நீங்கள் போடவில்லை என்பதும் உண்மை. இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில், முதல் நாள் மைக்ரோசாப்ட் கணக்கு கொடுத்து உள்ளே போனதுமே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லுக்குள் இருக்கும். அந்தச் சில்லு, தினமும் கணினி கிளம்பும் விதத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கும். அப்டேட்டோ, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த நிரல்) மாற்றமோ கிளம்பும் விதத்தைச் சற்று மாற்றிவிட்டால், தெரியாத ஆள் என்று சாவியைக் கொடுக்காமல் உங்களிடம் அடையாளம் கேட்கிறது. லேப்டாப் திருடு போனால் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றப்போவதும் இதே பூட்டுதான்.

உங்கள் ஒருவருக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 2024 ஜூலை 9 அன்று வந்த அப்டேட்டுக்குப் பின் உலகமெங்கும் பலருக்கு இந்தத் திரை வந்தது. ஆகஸ்ட் 13 அப்டேட்டில் அதைச் சரிசெய்ததாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-இல், அலுவலகங்களுக்கான சில இன்டெல் ப்ராசசர்களில் மறுபடி வந்தது. அதற்குத் தனியாக ஓர் அவசர அப்டேட் விட்டார்கள்.

இப்போது சாவியைத் தேடுவோம். வேறு ஒரு போனிலோ கணினியிலோ மைக்ரோசாப்ட் தளத்தில் உங்கள் கணக்கில் உள்நுழையுங்கள். ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயரும், பக்கத்தில் ரெகவரி கீ பார்க்கும் வழியும் இருக்கும். நீலத் திரையில் ‘கீ ஐடி’ என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தும், தளத்தில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பின் சாவியும் அதே பட்டியலில் இருக்கும், அதை மாற்றி அடித்துவிட்டு ‘தப்பு என்கிறது’ என்று அழுதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கணக்கில் சாவியே இல்லை என்றால், அங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று வந்து நிற்கும். லேப்டாப் வாங்கிய அன்றைக்குக் கடையில் உள்ள பையன் ‘நானே எல்லாம் போட்டுத் தருகிறேன்’ என்று யாருடைய ஈமெயிலைக் கொடுத்தான்? போன வருடம் சாத்தூரிலிருந்து ஒரு நர்சிங் மாணவி வந்தாள். அவள் கணக்கில் எதுவும் இல்லை. அப்பா கணக்கு, அண்ணன் கணக்கு எல்லாம் பார்த்தோம். ‘வாங்கிய பில் இருக்கிறதா?’ என்றேன். பில்லில் இருந்த கடைக்குப் போன் போட்டோம். அங்கே வேலை பார்த்த பையன் விலகி வேறு ஊருக்குப் போயிருந்தான். அவன் எண்ணை வாங்கிப் பேசினோம். அவனும் நல்லவன், மறுபடி அந்தப் பழைய ஈமெயிலைத் திறந்து பார்த்தான். அதில் முப்பத்தேழு லேப்டாப்களின் சாவி வரிசையாக இருந்தது. ஐடியைச் சொல்லச் சொல்ல அவன் தேட, பன்னிரண்டாவதில் பொருந்தியது. அந்த 48 எண்ணையும் அவன் போனில் சொல்ல, நான் எழுத, அவள் அடிக்க, டெஸ்க்டாப் வந்தது. மீதி முப்பத்தாறு குடும்பத்துக்கும் தங்கள் சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பதுதான் எனக்கு அன்று ராத்திரி முழுக்க மனதில் ஓடியது.

பள்ளி கொடுத்த ஈமெயிலால் உள்நுழைந்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் இருக்கும், அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள். ‘பிட்லாக்கர் ஃபைல்’ என்று பென் டிரைவில் சேமித்த ஞாபகம் இருந்தால் அதையும் தேடுங்கள்.

சாவி எங்கேயும் இல்லை என்றால் உள்ளே இருப்பது திரும்பாது. இதை நான் மென்று முழுங்கிச் சொல்லக் கூடாது. மைக்ரோசாப்டாலும் திறக்க முடியாது. ‘ஐயாயிரம் கொடுங்கள், உடைத்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள், உங்கள் கணினி நன்றாக ஓடும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘பிட்லாக்கர்’ என்று தேடுங்கள், ‘பேக்அப் யுவர் ரெகவரி கீ’ என்று வரும். அது இல்லாத ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்கில் போய் எண்ணை எடுங்கள். காகிதத்தில் எழுதி, பீரோவில் பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் கவருக்குள் போடுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாக வைத்தால் பயனில்லை.

அப்டேட்டுக்குப் பின் பாஸ்வேர்டு வரை வருகிறது. அதற்கு மேல் வெறும் கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது.
*– கணக்காளர், அருப்புக்கோட்டை*

அம்பு நகர்கிறது என்றால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால், ‘ரன் நியூ டாஸ்க்’ போய் ‘எக்ஸ்புளோரர்’ என்று அடியுங்கள், டெஸ்க்டாப் வந்துவிடக்கூடும். வராவிட்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு ‘பீப்’ சத்தத்தோடு, திரையை இயக்கும் டிரைவர் நிரல் புதிதாகக் கிளம்பும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப் படம் மற்றொரு மானிட்டர் பக்கம் போயிருக்கலாம். இதிலெல்லாம் வரவில்லை என்றால், அவசியமானதை மட்டும் ஏற்றித் திறக்கும் சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவரை ‘ரோல் பேக்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

அக்கா, நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸ் இயங்குதளமும். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் உபுண்டு போகவில்லை. ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்று சொல்லிவிட்டு அணைந்துவிட்டது. விண்டோஸ் மட்டும் ஓடுகிறது. சீனியரின் பழைய லேப்டாப், ரொம்ப நாள் அப்டேட் போடாமல் கிடந்தது.
*– மாணவர், கோயம்புத்தூர்*

‘ரொம்ப நாள் அப்டேட் போடாமல்’ என்று எழுதினீர்களே, அதில்தான் விஷயம். 2024 ஆகஸ்ட் 13 அப்டேட் பலருக்கு இதையே செய்தது. இயங்குதளத்தைக் கிளப்பும் பூட் லோடர் நிரல்களில் பழைய, ஓட்டை உள்ளவற்றைத் தடுப்பதற்காக எஸ்பாட் என்ற ஒரு தடைப்பட்டியலை அந்த அப்டேட் மதர்போர்டின் நினைவில் எழுதியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் எழுதாமல் விட்டுவிடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சில கணினிகளில் இரண்டு இருப்பதை அது கண்டுபிடிக்கவில்லை. லினக்ஸைக் கிளப்பிவிடும் ‘ஷிம்’ என்ற சின்ன நிரல் பழையதாக இருந்தால், நம்பகமான நிரலை மட்டும் கிளம்ப விடும் ‘செக்யூர் பூட்’ என்ற காவல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2025 மே மாத விண்டோஸ் அப்டேட்டில் இது சரிசெய்யப்பட்டது.

உங்கள் உபுண்டுவுக்கோ அதன் ஃபைல்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை. முதலில் மேலே டீச்சருக்குச் சொன்ன பிட்லாக்கர் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை அணைத்தால் அந்த நீலத் திரை வர வாய்ப்பு உண்டு. அப்புறம் பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணையுங்கள். உபுண்டு திறக்கும். டெர்மினலில் ‘மோக்யுடில்’ கருவியைக் கொண்டு எஸ்பாட் பாலிசியை ‘டெலீட்’ என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்து, ஒரு முறை உபுண்டுவுக்குள்ளேயே போங்கள். இப்போது உபுண்டுவை முழுக்க அப்டேட் செய்து, ஷிம்மும் புதிதாகட்டும். கடைசியில் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள். பலர் அதை அணைத்தபடியே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

எங்கள் கணினி ராத்திரியும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகும்போது மூன்று தடவை பீப் அடித்து நின்றுவிட்டது. திரையில் ஒன்றுமே இல்லை. அப்டேட்தான் மதர்போர்டைக் கெடுத்துவிட்டது என்கிறார் மெக்கானிக்.
*– பலசரக்குக் கடை, தென்காசி*

அண்ணாச்சி, திரையில் கம்பெனி லோகோகூட வராமல் பீப் அடித்தால், விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எழாதவர்மேல் பழி போட முடியாது. பீப் கணக்கு மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும், ஆனாலும் நான் முதலில் தொடுவது ராம் என்ற நினைவகப் பட்டையை.

ஏன் சரியாக அப்டேட் அன்றைக்கு? கணினி புதிதாகக் கிளம்பும்போதுதான் ராம் சோதிக்கப்படுகிறது.   கடைகளில் ரீஸ்டார்ட் கொடுப்பவர் யாரும் இல்லை, அப்டேட்தான் கொடுக்கிறது. உங்கள் கணினி ராத்திரியும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் தூசியும் பிசுக்குமாகத் தொட்டும் தொடாமலும் நின்ற ராம், அன்றைக்குச் சோதனையில் மாட்டிக்கொண்டது.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சக் கரண்டைப் போக்குங்கள். கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, ராமின் இரு ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் அது மேலே எழும்பும். அடி விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் இருக்கும். பல நாள் ஓடியதில் அவை மங்கி, செம்பு மாதிரிக் கறுத்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூள் கறுப்பாக உதிரும், பட்டை பளிச்சென்று வரும். அந்தப் பிளவிலும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, ‘டக்’ என்று இரண்டு பக்கமும் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அது திறந்த பிறகு தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணயம் மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றச் செலவு சொற்பம்தான். இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். அதில் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட் மாறிவிட்டால் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை வரும். அதற்கும் அப்டேட்மேல்தான் பழி விழும், பார்மட்டும் அடிக்கப்படும்.

2024 ஜூலையில் ஏர்போர்ட், பேங்க் எல்லாம் நீலத் திரையில் நின்றதே, அதுவும் விண்டோஸ் அப்டேட்தானா?
*– வாசகர், திருச்சி*

இல்லை. ஜூலை 19 அன்று, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு ஃபைலில் பிழை. நம் நேரப்படி காலை சுமார் 9.40-க்கு வெளியானது, ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு எளிது: சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்பும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது, பல இடங்களில் அதற்கும் பிட்லாக்கர் சாவி கேட்டது.

இவ்வளவு தொல்லை எதற்கு? அப்டேட்டையே நிறுத்திவிட ஒரு வழி சொல்லுங்கள்.
*– அச்சக உரிமையாளர், மதுரை*

நிறுத்தும் வழி எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைக் கொடுத்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் அப்டேட் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அப்டேட்டால் திறக்காத கணினியை நான் திறந்திருக்கிறேன். அந்த மாதிரி வைரஸ் பூட்டிய ஃபைலை இந்த மேஜையில் ஒன்றுகூடத் திறக்க முடிந்ததில்லை.

தள்ளிப்போடுங்கள், அது நியாயம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ்’ (Pause, தற்காலிக நிறுத்தம்) என்று இருக்கிறது. இரண்டாவது செவ்வாய்க்கு முந்தின நாளே ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள். பெரிய பிழை இருந்தால் அந்த வாரத்திலேயே உலகம் முழுக்கச் சத்தம் கேட்டுவிடும். அப்புறம் ஆர்டர் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை, நகல் எடுத்து வைத்துவிட்டு நீங்களே போடுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலி இருக்கட்டும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் தனிநபராகப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. ‘இப்போதெல்லாம் அப்டேட் தொல்லையே இல்லை’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

அம்மா, என் கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கும்மிப் பாட்டுகளை வயதான பெண்களிடம் கேட்டுக் கேட்டு, நான்கு வருடம் டைப் செய்தார். அவர் காலமாகி எட்டு மாதம். போன வாரம் அப்டேட் ஆகி, கணினி ரிப்பேர் திரையிலேயே நிற்கிறது. கடையில் ‘பார்மட் போட்டால்தான் ஓடும், ஃபைல் கேரண்டி இல்லை’ என்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் முன் திரையில்தான் வைத்திருந்தார்.
*– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர் அருகில்*

அம்மா, சம்மதிக்காதீர்கள். இன்றைக்கே கடைக்குப் போன் செய்து, எதுவும் செய்ய வேண்டாம், அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கணினி திறப்பது வேறு, அதனுள் இருக்கும் ஃபைல் வேறு. திறக்க வேண்டியது விண்டோஸ். பாட்டுகள் இருப்பது டிஸ்க்கில். விண்டோஸ் எழாவிட்டாலும் டிஸ்க்கைப் படிக்கலாம். முன் திரையில் வைத்தது என்று சொன்னீர்களே, அதுவும் டிஸ்க்கில் ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள், அவர் பெயருக்குள், ‘டெஸ்க்டாப்’ என்ற பெயரில் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். பார்மட் போடும்போது முதலில் போவதும் அதுதான், ஏனென்றால் சி டிரைவில் இருக்கிறது.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கணினியில் மாட்டி, யூசர்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்துக் கொடுங்கள்.’ அரை மணி முதல் இரண்டு மணி நேர வேலை. கழற்ற விருப்பம் இல்லை என்றால், உபுண்டு போட்ட பென் டிரைவால் கணினியைக் கிளப்பி அதன் வழியாகவும் எடுக்கலாம். அங்கே ‘ட்ரை’ என்பதைத்தான் அழுத்த வேண்டும், ‘இன்ஸ்டால்’ அல்ல. டிஸ்க்கில் பூட்டு இருந்தால் சாவி வேண்டும், அதற்கு அவர் ஈமெயிலைத் தேடுங்கள். அவருடைய போன் எண்ணை ரத்து செய்யாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விடுங்கள், உள்நுழைய ஓடிபி அதற்குத்தான் வரும்.

‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று ஒரு ரீசெட் வழி இருக்கிறது, அதைச் செய்யலாம் என்று சொல்வார்கள். ஃபைல்கள் பெரும்பாலும் தங்கும். ஆனால் நிரல்கள் போய்விடும், அவர் போட்டு வைத்த தமிழ் எழுத்துருக்களும் போகலாம். அவர் வயதுக்காரர்கள் பலரும் பாமினியில் டைப் செய்வார்கள். அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் பாட்டுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். ‘கெட்டுப்போச்சு’ என்று யாராவது அழித்துவிடப் போகிறார்கள். அது கெடவில்லை. பாமினியைப் போட்டதும் பாட்டு அப்படியே எழுந்து வரும். அதனால் காப்பி எடுக்கும்போது ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

காப்பி எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இரண்டு பென் டிரைவ் கொண்டு போங்கள், இரண்டிலும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பாட்டைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு, ‘இப்போது பார்மட் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். அங்கே செய்ய மாட்டோம் என்றால் பஸ்ஸில் ஏறி டிஸ்க்கோடு சிவகாசிக்கு வாருங்கள். என் கடை முகவரியை இதழ் அலுவலகத்தில் உங்களுக்குத் தரச் சொல்லியிருக்கிறேன்.